தொட்டபெட்டாவுக்குப் பனிப்புறா வருமா?

நீலகிரியில் கட்டபெட்டு பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலையில் பெரிய புறா ஒன்று வந்து உட்காருகிறது. ஊரில் பார்க்கிற புறா மாதிரி இல்லை, நல்ல பெரிசு, முதுகு செங்கல் கலந்த பழுப்பு. வாட்ஸப்பில் இமயமலைப் பனிப்புறா என்று ஒரு படம் வந்தது. இதுவும் அதுதானா? இங்கே உறைபனி விழுகிற மாதங்களில் அங்கிருந்து இறங்கி வருகிறதா? இவ்வளவு உயரத்தில் பறக்க இதற்கு மூச்சு வாங்காதா?”

மூன்றுக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பனிப்புறா இல்லை. இமயமலையிலிருந்து வரவும் இல்லை. மூச்சும் வாங்காது. நீங்கள் பார்த்தது நீலகிரி காட்டுப்புறா. நீலகிரி மரப்புறா என்றும் எழுதுவார்கள். பின்கழுத்தில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கிறதா என்று மட்டும் அடுத்த தடவை பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இத்தோடு விட எனக்கு மனசில்லை. மலைப்புறா என்றாலே குளிரையும் உயரத்தையும் தாங்கிப் பழகிய புறா என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். பனிப்புறாவுக்கு அது பொருந்தும். நம்மூர்ப் புறாவுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை என்பது என் எண்ணம். அதற்கு வேண்டியது சோலை, அதாவது மலையில் அடர்ந்து நிற்கிற ஈரமான பசுமைக்காடு. சோலை நம்மிடம் மலை உச்சியில் மிஞ்சியிருப்பதால் அதுவும் உச்சியில் இருக்கிறது.

பனிப்புறாவையே முதலில் பார்ப்போம், நீங்கள் கேட்டது அதைப் பற்றித்தானே. அதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், உத்தராகண்டில் துங்கநாத் கோயிலுக்குப் போனபோது. கோயில் கிட்டத்தட்ட 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு மேலே மொட்டைப் பாறைச் சரிவு, மரம் என்று ஒன்று கிடையாது. பாறை இடுக்கிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பி, சரிவை ஒட்டியே வளைந்து, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தது. தலை கரும்சாம்பல். கழுத்தும் வயிறும் சுத்தமான வெள்ளை. வாலில் கறுப்புக்கு நடுவே அகலமான வெள்ளைப் பட்டை. சிறகு சாம்பல், அதில் கோடுகள். உட்கார்ந்ததும் பாறையிலும் பனித்திட்டிலும் கரைந்துபோய்விட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இருபது பறவை இருந்திருக்கும், அசைந்தால்தான் தெரியும்.

அதன் வாழ்க்கை அப்படிப்பட்டது. கோடையில் 3,000 மீட்டரிலிருந்து 5,000 மீட்டர் வரை, குளிர்காலத்தில் 1,500 மீட்டர் அளவுக்கு இறக்கம். பாறைப் பொந்திலும் விளிம்பிலும் கூடு, இரண்டு முட்டை. பனி உருகி விலகுகிற ஓரத்தில் விதை, மொட்டு, மண்ணுக்குள் இருக்கிற சின்னக் கிழங்கு, அறுவடை முடிந்த மலைக்கிராம வயலில் சிந்திய தானியம் என்று கிடைத்ததைத் தரையில் பொறுக்கித் தின்னும். கூட்டமாகவே திரியும். இமயமலைத் தொடரையும் அதை ஒட்டிய திபெத், மேற்குச் சீனப் பகுதிகளையும் விட்டு அது வெளியே வருவதில்லை. இடையில் கங்கைச் சமவெளி, மத்திய இந்தியா, தக்காணம் என்று 2,000 கிலோமீட்டர் வெயிலைத் தாண்டித் தொட்டபெட்டாவுக்கு வர அதற்கு ஒரு காரணமும் இல்லை. வந்தாலும் இங்கே அதற்குப் பிடித்த மாதிரி இடம் கிடையாது.

ஊட்டி மார்க்கெட் கூரையில் உட்கார்ந்திருக்கிறதே மாடப்புறா, அதுதான் பனிப்புறாவுக்கு நெருக்கமான வகை. இரண்டும் பாறையில் வாழப் பிறந்தவை. மாடப்புறாவுக்குப் பாறை விளிம்பும் கோபுர மாடமும் ஒன்றுதான், அதனால்தான் பேரிலேயே மாடம் வந்து ஒட்டிக்கொண்டது. லடாக்கில் மாடப்புறா மாதிரியே, ஆனால் வாலில் வெள்ளைப் பட்டையோடு இன்னொரு வகை வீடுகளைச் சுற்றித் திரியும். இவை எல்லாம் ஒரு கட்சி. நம் காட்டுப்புறா மரத்துக் கட்சி.

சரி, மூச்சு விஷயம். ஊட்டிக்குப் புதிதாகக் குடிவந்த எந்த வீட்டிலும் முதல் வாரம் ஒரு புலம்பல் கேட்கும்: சாதம் வேகவே மாட்டேன் என்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் கொண்டைக்கடலை வேகவைக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த முக்கால் பங்குக் காற்றில் ஆக்ஸிஜனும் முக்கால் பங்குதான். கீழேயிருந்து வந்தவர் படியேறினால் இரைக்கும். பனிப்புறா இருக்கிற 4,500 மீட்டரில் அது 57, 58 சதவீதமாகிவிடும்.

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல ஊதிச் சுருங்குகிற பை கிடையாது. நாம் மூச்சை இழுத்து, அதே வழியாக வெளியே விடுகிறோம். பழைய காற்று கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். பறவையின் உடம்புக்குள் நுரையீரலுக்கு முன்னும் பின்னும் காற்றுப் பைகள் இருக்கின்றன. இழுத்த காற்று முதலில் பின்பைகளுக்குப் போய், அங்கிருந்து நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடி, முன்பைகளுக்கு வந்து, பிறகு வெளியேறும். ஒரு வாய்க் காற்று உள்ளே போய் முழுசாக வெளியே வர இரண்டு மூச்சு ஆகும். இதனால் இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலில் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கோழிக்கும் இதே அமைப்புதான். ஊட்டியில் மேய்கிற கோழிக்கு இரைத்து நீங்கள் பார்த்ததுண்டா?

இதைவிடப் பெரிய உதாரணம் தெற்கே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வரும். அது இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. அதன் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் மாறி, குறைந்த ஆக்ஸிஜனையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஒப்பிட்டால் நீலகிரி உயரம் எந்தப் பறவைக்கும் வாசல்படி மாதிரி. குளிரும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் புல் வெள்ளையாகி, பள்ளத்துத் தேயிலை கருகுகிற அளவுக்கு உறைபனி விழும். ஆனால் அந்தக் குளிர் திறந்த பள்ளத்தில் தேங்குவது. சோலைக்குள் இலைக்கூரைக்கு அடியில் அத்தனை இறங்காது. இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் இரவு போய்விடும்.

இனி நம் புறாவுக்கு வருகிறேன். இதைக் கையில் பிடித்துப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு ஒரு முறை கிடைத்தது, நல்ல விதமாக இல்லை. கோத்தகிரிக்கு வெளியே, சோலையை ஒட்டி ஒரு தங்கும் விடுதி கட்டினார்கள். காட்சி தெரியவேண்டும் என்று சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் சோலை அப்படியே தெரியும், பறவைக்கு அது வழி. ஒரு காலையில் மோதி விழுந்து கிடந்ததைத் தோட்டக்காரர் எடுத்துவந்து கொடுத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. தலை சாம்பல். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். அலகு அடியில் சிவப்பு, நுனியில் வெளிறிப்போகும். நெஞ்சை வெளிச்சத்தில் திருப்பினால் பச்சையும் ஊதாவும் மாறி மாறி ஓடும். பின்கழுத்துக் கட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அது பூசின மாதிரி இருக்காது. ஒவ்வொரு இறகும் குட்டையாக, விறைப்பாக, கறுப்பாக இருந்து நுனியில் மட்டும் வெள்ளை வைத்திருக்கிறது. அவை ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்த மாதிரி படிந்து கட்டம் ஆகிறது. விரலால் எதிர்த்திசையில் தடவினால் கலைந்து, விட்டதும் திரும்பப் படிந்துவிட்டது. தொண்டைக்குக் கீழே பையைத் தொட்டபோது கோலிக்குண்டு மாதிரி ஏதோ உருண்டது. முழுப் பழங்கள், ஒன்பதோ பத்தோ. சாப்பிட்டு முடித்துக் கிளம்பியிருக்கிறது. அந்தக் கண்ணாடியில் பிறகு திரைச்சீலை போட்டார்களா என்று கேட்டால், இல்லை.

அந்தத் தொண்டைப்பைதான் இந்தப் புறாவின் முழுக்கதையும். சோலை மரங்களின் பழத்தை முழுசாக விழுங்குகிற பறவை இது. காட்டு நாவல் வகைகள், லவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்களின் கறுப்புப் பழங்கள் இவை எல்லாம் அதன் சாப்பாடு. தரையில் இறங்கி உதிர்ந்த பழத்தையும் பொறுக்கும், சிறு நத்தையைக்கூடத் தின்னும், மண்ணும் கொத்தும். சோலை மரங்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரி காய்க்காது. இந்த வருஷம் கோத்தகிரி லாங்வுட் சோலையில் குலுங்கும், அடுத்த வருஷம் அங்கே ஒன்றும் இருக்காது, அவலாஞ்சிப் பக்கம் கொட்டிக்கிடக்கும். ஒரு சரிவில் மேலே முடிந்தபிறகு கீழே பழுக்கும். புறாவும் அதன் பின்னால் ஏறி இறங்கும். உங்கள் தோட்ட ஓரத்தில் அது சில மாதம் தெரிவதற்கும் சில மாதம் காணாமல் போவதற்கும் காரணம் இமயமலை இல்லை, பழம். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குச் சாப்பிடப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உயரம் இதற்குப் பொருட்டில்லை என்றேனே, அதற்கு ஆதாரம் இதன் முகவரியிலேயே இருக்கிறது. நீலகிரி என்று பேர் இருந்தாலும் இதை முதலில் விவரித்து எழுதியவர் தக்காணத்தில் வேலைபார்த்த ராணுவ அதிகாரி சைக்ஸ், 1832இல். அறிவியல் பேரில் இருக்கும் எல்பின்ஸ்டன் 1819 முதல் 1827 வரை பம்பாய் கவர்னராக இருந்தவர். மேற்குத்தொடர்ச்சி மலையில் மகாராஷ்டிரத்திலிருந்து தெற்கு முனை வரை ஈரக்காடு இருக்கிற இடமெல்லாம் இது இருக்கிறது. மகாபலேஷ்வர் 1,400 மீட்டர்கூடக் கிடையாது, அங்கேயும் உண்டு. பெங்களூருக்கு வடக்கே வறண்ட பூமிக்கு நடுவில் நந்தி மலை தனியாக நிற்கிறது, 1,478 மீட்டர். அதன் உச்சியில் மேகம் தங்குவதால் கொஞ்சம் பசுமைக் காடு. அந்தத் துண்டுக் காட்டிலும் இந்தப் புறா இருக்கிறது! இன்னும் தாழ்வான மலையடிவாரங்களிலும் பார்த்திருக்கிறார்கள். மொட்டைப் பாறை 2,500 மீட்டரில் இருந்தாலும் அங்கே அது போகாது.

பழனி மலைக்காரர்களும் இதைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். கொடைக்கானலில் பாம்பே சோலை, பாம்பார் சோலை பக்கம் காலையில் நடந்தால் பார்க்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30, 40 கிலோமீட்டர் தாழ்நிலம். சோலையின் அடித்தளத்திலேயே குதித்துத் திரிகிற சின்னச் சோலைக்குருவிகளுக்கு அந்த இடைவெளி கடல் மாதிரி. இந்தப்பக்கம் ஒரு இனம், அந்தப்பக்கம் வேறு இனம் என்று பிரிந்தேபோய்விட்டன. காட்டுப்புறா இரண்டு பக்கமும் ஒரே இனம், துணையினம்கூடப் பிரிக்கவில்லை. பழத்தைத் தேடி அலைகிற பிழைப்பு இப்படியும் உதவுகிறது போலிருக்கிறது.

இமயமலையோடு இதற்கு உறவே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் அது பனிப்புறா வழியாக இல்லை. கிழக்கு இமயமலைக் காடுகளில் சாம்பல் நிற மரப்புறா ஒன்று இருக்கிறது. இலங்கை மலைக்காடுகளில் இன்னொன்று. இந்த இரண்டும் நம்முடையதும் நெருங்கிய பங்காளிகள், மூன்றுமே மரத்துக் கட்சி. தொட்டபெட்டாவில் சிவப்பாகப் பூக்கிற ரோடோடென்ட்ரான் மரமும் இப்படித்தான், அதே இனம் இமயமலைச் சரிவிலும் பூக்கிறது. ஒரு காலத்தில் குளிர்ந்த ஈரக்காடு இன்னும் பரவலாக இருந்து, பிறகு சூடு ஏற ஏற மலைகளில் மட்டும் ஒதுங்கியது என்பது இதற்குச் சொல்லப்படுகிற விளக்கங்களில் ஒன்று.

குரலைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதி பதில்தான். மாடப்புறா மாதிரி குமுறாது. முதலில் உரக்க ஒரு “ஊ”. பிறகு கனமாக “ஹூ... ஹூ... ஹூ...” என்று மூன்று நாலு. கருமந்திக் குரங்கு கத்துகிற மாதிரியே இருக்கும். அவலாஞ்சிப் பக்கம் ஒரு முறை கருமந்தி என்று நண்பருக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போய், அரைமணி நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, தலைக்கு மேலே இருந்து ஒரு புறா படபடவென்று கிளம்பியது. அன்றிலிருந்து குரலை வைத்து நான் பந்தயம் கட்டுவதில்லை.

இன்னொரு குழப்பமும் வரலாம். ஈரக்காடுகளில் இதைவிடப் பெரிய ராஜப் புறா ஒன்று உண்டு. அதற்கும் முதுகு பழுப்பு, தலை சாம்பல். ஆனால் கழுத்தில் கட்டம் கிடையாது, வால் நுனி வெளிறியிருக்கும். மரகதப்புறா, நம் மாநிலப் பறவை, சின்னது, சிறகு பச்சை. அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

இனப்பெருக்கம் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரை. கூடு என்று சொன்னால் சிரிப்பு வரும். பத்துப் பதினைந்து குச்சியைக் கிளையில் குறுக்கும் நெடுக்கும் போட்டதுதான். கீழேயிருந்து பார்த்தால் இடுக்கு வழியாக வானம் தெரியும். அதில் ஒரே ஒரு வெள்ளை முட்டை. மாடப்புறாவும் பனிப்புறாவும் இரண்டு இடும், இது ஒன்றே ஒன்று. கருங்கழுகு சோலைக்கு மேலே மெதுவாக வட்டமிட்டுக் கூடு கூடாகத் தேடுகிற ஊரில் இந்தக் கணக்கு ரொம்பச் சிக்கனம். குஞ்சுக்கு முதல் நாட்களில் எல்லாப் புறாக்களையும் போலத் தாய் தகப்பன் இரண்டும் தொண்டைப்பையில் சுரக்கிற தயிர் மாதிரியான பாலைத்தான் ஊட்டும். மற்ற குருவிகள் குஞ்சுக்குப் புழு பூச்சி தேடி மழையில் அலையவேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழை பெய்கிற மலையில் பழத்தைத் தின்று பாலாக்கிக் கொடுக்கிற வசதி சாதாரணமானது இல்லை. மலைவாழ்வுக்கு இதனிடம் ஒரு தகவமைப்பு உண்டு என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதுகூட எல்லாப் புறாவுக்கும் பொதுச் சொத்து.

வருஷத்துக்கு இத்தனை குறைவாகப் பெருகுகிற பறவைக்குக் காடு குறைந்தால் ஈடுகட்ட வழியில்லை. உலக அளவிலான செம்பட்டியலில் இது அழிவாய்ப்பு உள்ள இனமாக வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் துப்பாக்கிக்கும் நிறையப் போனது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். அதைவிட ஆழமாக உறைத்தது மரம் மாற்றியதுதான். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) விறகுக்கென்று வந்தன. பிறகு புல்வெளியிலும் சோலை ஓரத்திலும் மலைமலையாக அவற்றை நட்டோம். தூரத்தில் பார்த்தால் பச்சைதான், சுற்றுலா வருகிறவர் காடு என்றே போட்டோ எடுப்பார். அதற்குள் புறா விழுங்க ஒரு பழம் கிடையாது. தேயிலைக்கும் அதே கதை. சோலைகள் இப்போது பள்ளங்களில் திட்டுத் திட்டாக நிற்கின்றன. புறா பறந்து ஒரு திட்டிலிருந்து அடுத்ததுக்குப் போய்விடும், அதுவரை சரி. ஒரு வருஷம் பக்கத்தில் இருக்கிற எந்தத் திட்டும் காய்க்காவிட்டால் எங்கே போகும் என்பதுதான் எனக்குக் கவலை.

பார்க்க வேண்டுமானால் உங்களுக்கு லாங்வுட் சோலைதான் பக்கம். கோத்தகிரி டவுனை ஒட்டி 100 ஹெக்டேருக்குச் சற்று மேலே இருக்கிற சோலை. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள், தனியாகப் போகவேண்டாம். காட்டுமாடு திருப்பத்தில் நின்றுகொண்டிருக்கும், அதற்கு நம்மைவிட அவசரம் குறைவு. வெயில் ஏறுகிற முதல் ஒரு மணி நேரத்தில் மொட்டைக் கிளை நுனியில் வந்து குளிர்காயும், அப்போதுதான் முழுசாகத் தெரியும். பிறகு இலைக்குள் போய்விட்டால் கண்ணைவிடக் காது நல்லது: காய்ந்த சருகின்மேல் “பொத்” “பொத்” என்று பழம் விழுகிற இடத்தில் நில்லுங்கள், மேலே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது மலையணிலாகவும் இருக்கலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

நீங்கள் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் தம்பி, புறா உட்கார்ந்தது எந்த மரத்தில் என்று. அடியில் பழம் கிடந்தால் நாலைந்து பொறுக்கி, ஒன்றை நறுக்கி, இலையோடு வைத்து போட்டோ எடுங்கள், தேதியையும் எழுதி வையுங்கள். மரம் தெரிந்துவிட்டால், அது அடுத்து எப்போது பழுக்கும், புறா எப்போது திரும்பும் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களே ஓரளவு கணக்குச் சொல்லிவிடுவார்கள்.